சிவப்புக் கொடியும் 99 ஆண்டுக் குத்தகையும்

ஏகாதிபத்தியம் எதுவென்று பொருநைக் கரையினருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து அந்த ஆறு சேரும் கடலிலே, நம்மவர் மூச்சடக்கி எடுத்த முத்துக்குப் போர்த்துகீசியன் பங்கு கேட்டான், 1658-இல் டச்சுக்காரன் வந்தான், பின்னர் ஆங்கிலேயன். வந்தவர் அனைவரும் வாணிகம் என்றே வந்தனர். அதே கடலிலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட 1906-இல் சுதேசி நிறுவனம் கண்ட வ.உ.சி., சிறையிலே செக்கிழுத்தார்.

அக்கடலின் அக்கரையிலே இன்று நடப்பதென்ன? இலங்கையின் தென்கோடி அம்பாந்தோட்டையில், சீனக் கடனால் எழுந்த துறைமுகம் 2017-இல், 112 கோடி டாலருக்குச் சீன அரசு நிறுவனத்திடம் சென்றது. 99 ஆண்டுக் குத்தகை! 2022 ஆகஸ்டில், இந்தியா கவலை தெரிவித்த பின்னரும், யுவான் வாங் 5 என்னும் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. ஆராய்ச்சிக் கப்பலாம்!

தோழர்களே, அந்த எண்ணைக் கவனியுங்கள்! 1898-இல் பிரிட்டன் சீனத்தைப் பணியவைத்து, ஹாங்காங்கை ஒட்டிய நிலப்பகுதியை எழுதி வாங்கியது எத்தனை ஆண்டுக்கு? அதே 99! அதனைத் தேசிய அவமானம் என்று தன் பிள்ளைகளுக்குப் போதிக்கும் சீனம், அதே ஓலையை அண்டை நாட்டிடம் நீட்டுகிறது.

"இலங்கை ஆட்சியாளர் தாமே கையொப்பமிட்டனர், மேலைநாட்டுச் சந்தையிலும் கடன் வாங்கிக் குவித்தனர்" என்பர் சிலர். உண்மை, அவர்தம் ஊதாரித்தனத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் 1898-இலும் கையொப்பம் இருந்ததே! வலியவன் நீட்டும் தாளில் எளியவன் இடும் கையொப்பம் அன்று அநீதியெனில், இன்று மட்டும் நட்பாகுமோ?

1950-இல் திபெத்திலே படை புகுந்தது. 1954-இல் பஞ்சசீலம் பேசினர். 1962-இல் எல்லையிலே பீரங்கி பேசிற்று. 1974-இல் பாரசெல் தீவுகளிலே வியட்நாமியர் குருதி சிந்திற்று. தென்சீனக் கடல்மீது கொண்டாடிய வரலாற்று உரிமை செல்லாதென 2016-இல் நடுவர் மன்றம் உரைத்தது. பெய்ஜிங் ஏற்க மறுத்தது. பொதுவுடைமை பேசும் நாட்டுக்கு, கடல் மட்டும் தனியுடைமையா?

சீன மக்கள் நமக்குப் பகைவரல்லர். அவர்கள் ஆட்சியின் பேராசையே பகை. நெற்றிப் பட்டையைக் கண்டு ஒருவனை நல்லவன் என நம்பாத பகுத்தறிவு, கொடியின் சிவப்பைக் கண்டு மயங்கலாமா? டில்லியும் அண்டை நாடுகளிடம் பெரியண்ணன் கோலம் பூணுமானால், அதனையும் இதே அளவுகோலால் அளப்போம்.

குத்தகை எடுப்பவன் கொடி எந்நிறமாயினும், குத்தகைக்குப் போவது எளியவன் மண்ணே!