ஒரு பிராது எழுதுங்கள்

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் என்ற பெயரில் முருகன் இருக்கும் கோயிலில் பிராது கட்டுவார்கள். வெள்ளைத் தாளில் பெயர், ஊர் எழுதி, நடந்தது என்ன, வேண்டுவது என்ன என்று முருகனுக்கு மனுப் போடுவது. சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். 90 நாளில் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர்.

பக்தி உள்ளவர்கள் அங்கேயே போகட்டும். முறையை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்துச் செராமிக் பட்டறையில் அச்சில் மண்கூழ் ஊற்றுகிறவருக்கும் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவருக்கும் பகலில் கை ஓயாது. கவலை படுத்த பிறகுதான் வரும். குழுக்கடன் தவணை, மழையில் காயாத சரக்கு, மாமியார் சொன்ன ஒரு சொல் எல்லாம் பின்னிக்கொண்டு, "என்னமோ மனசே சரியில்ல" என்பதில் வந்து நிற்கும். அதைப் பிராதாக எழுத முடியாது. யார் மேல், எதற்கு, என்ன வேண்டும் என்று பிரித்தாக வேண்டும். தவணைக்கு நாளைக்கே ஒருவரைப் பார்க்கலாம். மாமியார் சொன்னது வலித்தது. அந்த வலியையும் எழுதத்தான் வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் தங்கள் மனக்காயத்தை எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனக்கத்தான் செய்தது. ஆனால் நடந்ததோடு பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

ஆகவே அழுகை வந்ததையும் எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். படுக்கையில் எழுதாமல் சாயங்காலமே முடித்துவிடுங்கள். தேதி போட்டு மடித்து வைத்து, 90 நாள் கழித்துப் பிரித்து, தீர்ந்ததை அடித்துவிடுங்கள். ஆண்களுக்கு இது இன்னும் அவசியம். மனதில் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் டாஸ்மாக்குக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, செத்துவிடலாம் என்று ஒரு முறை தோன்றினாலோ, தாள் போதாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூடப்பிறந்தவர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த தாள் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் வாய் வராதபோது அதையே நீட்டலாம்.