ஒரு வீடு, இரண்டு காமிராக்கள்



சென்ற மாதம் என் தங்கையின் வீட்டில் ஒரு வழக்கு மூண்டது. வழக்காடியவர்கள் அவளுடைய மகனும் மகளும். வழக்குப் பொருள் காமிரா. தாய்மாமன் என்ற ஒரே தகுதியில் என்னை நீதிபதியாக அமர்த்திவிட்டார்கள். ஃபிலிம் சுருளை மாட்டிப் படமெடுத்த காலந்தொட்டுக் காமிராவோடு எனக்கு உறவுண்டு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மகன் ஒரு திருமணப் படக்காரரிடம் மூன்றாண்டுகளாக உதவியாளனாக இருக்கிறான். விளக்குப் பிடிப்பது, பெட்டி தூக்குவது, கூட்டத்தை வரிசைப்படுத்துவது என்று தொடங்கி, இப்போது படமெடுக்கவும் கற்றுக்கொண்டுவிட்டான். இனித் தனியே தொழில் செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. மகள் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து விற்கிறாள். வாங்குவோர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் பார்த்து வாங்குகிறவர்கள். கைப்பேசிப் படத்தில் நூலின் நிறம் சரியாகத் தெரிவதில்லை என்று அவளிடம் குறைப்பட்டுக்கொள்கிறவர்கள். தங்கையிடம் இருந்ததோ சீட்டு எடுத்த ஒரே தொகை. குடும்பத் தலைவரை இழந்த வீட்டில் ஒரு தொகை தவறான பொருளில் போய் முடங்கினால் அது எத்தனை மாதத்துச் சோறு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மகன் கேட்டது, தொழிலை விட்டு விலகும் ஒரு படக்காரர் விற்கும் பழைய கேனான் 5டி மார்க் 3. மகள் கேட்டது, கடையில் பெட்டி பிரியாமல் இருக்கும் கேனான் ஆர்50.

இரண்டும் எப்படிப்பட்டவை என்று முதலில் பார்த்துவிடுவோம். 5டி மார்க் 3 வெளிவந்தது 2012-இல். அன்று அமெரிக்காவில் பாடி மட்டும் 3,499 டாலர். உலகெங்கும் திருமண வீடுகளில் உழைத்த காமிரா அது. ஆர்50 வெளிவந்தது 2023-இல், ஏறத்தாழ 680 டாலர் விலையில். முதன்முதலாகக் காமிரா வாங்குவோரை எண்ணிச் செய்யப்பட்டது. ஆகவே இது நல்லதற்கும் கெட்டதற்கும் இடையிலான போட்டியன்று. ஒருகாலத்தில் தொழில்செய்வோருக்கென்று செய்யப்பட்ட கருவிக்கும், பதினோர் ஆண்டுகள் கழித்துப் புதியவர்களுக்கென்று செய்யப்பட்ட கருவிக்கும் இடையிலான போட்டி.

பழையதன் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, ஐந்து பக்கப் பட்டகத்தின் வழியே நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஒளியின் ஒரு பகுதி கீழே இறங்கி, குவியம் பார்க்கும் தனிக் கருவியை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழுகிறது, ஷட்டர் திறக்கிறது, படம் பதிவாகிறது. 'தட்' என்று கேட்கும் ஓசையில் அந்தக் கண்ணாடிக்கும் பங்குண்டு. மிரர்லெஸ் எனப்படும் புதியதில் இந்தக் கண்ணாடியே கிடையாது. ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. சென்சார் காண்பதைச் சின்னஞ்சிறு திரையொன்று நமக்குக் காட்டுகிறது. குவியத்தையும் அந்தச் சென்சாரே பார்த்துக்கொள்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை பலவும் கிளைக்கின்றன. கண்ணாடியும் பட்டகமும் இல்லாததாலும், சென்சார் சிறியதாக இருப்பதாலும் ஆர்50-இன் எடை, பேட்டரியும் கார்டும் சேர்த்து, 375 கிராம்தான். கூட வரும் 18-45 லென்ஸ் 130 கிராம். பழையதோ பேட்டரியோடு 950 கிராம். படக்காரர் அதனுடன் விற்கும் 24-70 எஃப் 2.8 லென்ஸ் 805 கிராம். ஒன்று அரைக் கிலோ, மற்றது ஒன்றே முக்கால் கிலோ. இதற்கு மேல் ஃப்ளாஷ் வேறு.

பேச்சில் தீராத வழக்கை நேரில் பார்த்துத் தீர்ப்பதென்று முடிவு செய்தேன். எங்கள் உறவில் ஒரு வலீமா வந்தது. விற்பவரிடம் கெஞ்சிப் பழையதை ஒரு மாலைக்கு வாங்கினோம். ஆர்50 நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்தது. அதையும் இரவல் கேட்டுக்கொண்டோம். மகன் ஆண்கள் பக்கம் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தான். மகளும் பெண்கள் பக்கம் அவ்வாறே செய்தாள்.

மண்டபத்து ஒளி உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குப் பகல்போல் இருக்கும். காமிராவுக்கு அது அந்தி. பழையதில் எஃப் 2.8 லென்ஸ், நொடியில் 125-இல் ஒரு பங்கு வேகம், ஐ.எஸ்.ஓ. 3200. படம் சுத்தமாக வந்தது. புதியதில் கூட வந்த லென்ஸை நீட்டினால் அதன் வாய் எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடுகிறது. 2.8-ஐ நோக்க அதில் நுழையும் ஒளி ஐந்தில் ஒரு பங்கு. எனவே அதே வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை 16000-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. மணமகனின் வாப்பாவின் முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். குற்றவாளி பாடியன்று, லென்ஸ். பழையதன் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். புதியதன் சென்சார் 22.3-க்கு 14.9. பரப்பில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு இருந்தும், இடைப்பட்ட ஆண்டுகளில் சென்சார் செய்யும் கலை வளர்ந்ததால் ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டினால் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இருண்ட பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கிப் பார்த்தபோது பழையதில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. புதியது தெளிவாக இருந்தது. ஆல்பத்துக்கு அச்சிடும் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் 22.3 மெகாபிக்சலுக்கும் 24.2 மெகாபிக்சலுக்கும் யாரும் வேறுபாடு காண முடியாது. மெகாபிக்சலைச் சொல்லிக் காமிரா விற்கும் கடைக்காரரைக் கண்டால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

'பழைய லென்ஸையே புதியதில் மாட்டலாமே' என்பீர்கள். மாட்டலாம், அதற்கென்று அடாப்டர் உண்டு. ஆனால் சிறிய சென்சாரில் ஒவ்வொரு லென்ஸின் பார்வையும் 1.6 மடங்கு குறுகுகிறது. 24 என்பது 38 போலாகிவிடும். மேடையில் இரு குடும்பத்தாரும் வரிசையாக நிற்கும்போது, ஓரத்தில் நிற்கும் மாமியை விட்டுவிட்டுப் படமெடுத்தால் அந்தப் படக்காரருக்கு அடுத்த நிக்காஹ் கிடைக்குமா?

ஓடும் குழந்தைகள் விஷயத்தில் வழக்கு திசை மாறியது. மணமகளின் அண்ணன் பிள்ளை ஒன்று, இரண்டு வயது, மண்டபத்தை அளந்துகொண்டிருந்தது. பழையதில் குவியப் புள்ளிகள் 61. அவை சட்டத்தின் நடுப்பகுதியில் கூடி நிற்கின்றன. முகம் ஓரத்துக்குப் போனால் நாம்தான் துரத்த வேண்டும். புதியது கண் எங்கே இருக்கிறதென்று தானே கண்டுபிடித்து, சட்டத்தின் எந்த மூலைக்குப் போனாலும் விடாமல் பற்றிக்கொள்கிறது. மூன்றாண்டு பழகிய மகன் பழையதில் எடுத்தவற்றில் பாதி குவியம் தப்பியிருந்தது. அன்றுதான் அந்தக் காமிராவைக் கையிலெடுத்த மகள் புதியதில் எடுத்தவற்றில் தப்பியவை ஒன்றிரண்டுதான். இதை அவன் ஒப்புக்கொள்ளச் சற்று நேரமாயிற்று.

வீடியோவில் போட்டியே இல்லை. பழையது 1080 வரையில்தான். ஓடுவோரைத் தொடர்ந்து குவியம் பிடிக்கவும் அதற்குத் தெரியாது. புதியது 4கே எடுக்கிறது, முகத்தைத் தொடர்கிறது, திரை எப்பக்கமும் திரும்புகிறது. மேலே காமிராவைப் பொருத்தி, கீழே விரிப்பில் ஊசி ஓடுவதை எடுக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தத் திரும்பும் திரையின் அருமை தெரியும். எடுத்ததை நேரே கைப்பேசிக்கு அனுப்பும் வசதி பழையதில் கிடையாது, புதியதில் உண்டு. மகன் எடுத்து, கணினியில் ஏற்றி, திருத்தி அனுப்புவதற்குள் மகள் விற்றே முடித்துவிடுவாள்.

இனி, என் மனத்தை அரித்த ஒன்று. பழையதில் கார்டு போட இரண்டு இடங்கள். ஒன்று சி.எஃப்., மற்றது எஸ்.டி. எடுக்கும் படம் இரண்டிலும் பதியும்படி வைக்கலாம். எஸ்.டி. பக்கம் வேகம் குறைந்தது. இரண்டிலும் எழுதும்போது காமிரா சற்று மூச்சு வாங்கும். போகட்டும். புதியதில் ஒரே இடம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்து நிக்காஹ் ஒன்றில் படக்காரரின் கார்டு பழுதாகி, ஒரு மாலை முழுவதும் அழிந்துபோயிற்று. அந்த மாலையில்தான் என் பெரியம்மா, நடக்க முடியாத நிலையிலும் நாற்காலியில் தூக்கிவரச் சொல்லி, மணமகளின் தலையில் கைவைத்து துஆச் செய்தார்கள். அடுத்த மாதம் மறைந்தார்கள். படக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தார். அந்தக் கை எங்களுக்குத் திரும்பவில்லை. பிறர் வீட்டு நிக்காஹை ஒரே கார்டை நம்பி எடுக்கச் செல்லும் பிள்ளைக்கு நான் எப்படிச் சம்மதம் சொல்வேன்?

பேட்டரியும் பழையதற்கே சாதகம். அதன் கணக்கு ஒரு முறைக்கு 950 படம். புதியதில் கண் வைத்துப் பார்த்து எடுத்தால் முந்நூறு சொச்சம். ஃப்ளாஷ் மாட்டும் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆர்50-இல் பழைய வகை மின்தொடர்புகள் இல்லை. நாளெல்லாம் உழைத்த பழைய ஃப்ளாஷை மாட்ட வேண்டுமென்றால் தனி அடாப்டர் வாங்க வேண்டும்.

'அப்படியானால் பழையதுதானே, மாமா?' என்றான் மகன்.

'அதன் ஷட்டர் இதுவரை எத்தனை முறை அடித்திருக்கிறது?' என்று கேட்டேன். விற்பவர் நாற்பதாயிரம் என்றாராம். பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகத் திருமணம் எடுத்தவரின் காமிரா நாற்பதாயிரமா? ஒரே நிக்காஹில் ஆயிரம் படம் எடுப்பவர்கள் உண்டு. அந்த ஷட்டருக்கு நிறுவனம் சொன்ன ஆயுள் ஒன்றரை லட்சம். அதைத் தாண்டியும் உழைக்கலாம். அதற்கு முன்பே ஓயவும் செய்யலாம். எண்ணிக்கையை அந்தக் காமிராவின் திரையில் காண முடியாது. பழுதுபார்ப்பவரிடமோ, கணினியில் அதற்குரிய மென்பொருளிலோ பார்க்க வேண்டும். பார்த்தோம். ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. டார்ச் விளக்கைப் பிடித்து லென்ஸுக்குள் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை. சி.எஃப். கார்டு நுழையும் இடத்திலுள்ள ஊசிகள் மட்டும் வளையாமல் இருந்தன. பழைய காமிரா வாங்குவோர் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவர் பொய் சொன்னாரா, கணக்கு மறந்தாரா என்று நான் ஆராயவில்லை.

தங்கை அதுவரை ஒன்றும் பேசாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், 'காக்கா, மகளுக்குக் காமிரா தினமும் வேணும். மகனுக்கு மாசத்துல எத்தனை நாள் வேணும்?' என்றாள்.

நான் எண்ணிப் பார்த்தேன். தனித் தொழிலின் தொடக்கத்தில் மாதம் மூன்று நிக்காஹ் கிடைத்தாலே பெரிது. திருமணக் காமிராக்களையும் பெரிய லென்ஸ்களையும் நாள் வாடகைக்குத் தருவோர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டு கார்டு போடும் காமிராவை அந்த நாளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால், தேய்ந்த ஷட்டர் இன்னொருவரின் கவலை. இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. பல்லாண்டாக ஒரு வீட்டை ஒற்றைக் கையால் நடத்தியவளுக்குத் தோன்றியது.

ஆகவே ஆர்50 வாங்கினோம். மகனுக்கு வருத்தம்தான். சொந்தக் காமிரா தோளில் தொங்காதவனை யார் படக்காரன் என்று மதிப்பார்கள் என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு வாரம் என்னோடு அளவாகவே பேசினான்.

இதற்கிடையில் வலீமா வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். மகள் பெண்கள் பக்கம் எடுத்த படங்களை மணமகளின் தாயார் பார்த்திருக்கிறார். அவர்கள் வீட்டில் அடுத்த பெண்ணுக்கும் நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. அந்நிய ஆண் வந்து எடுப்பதை விரும்பாமல், பெண்கள் பக்கத்தைப் படமே இல்லாமல் விட்டுவிடும் வீடுகள் நம்மிடையே எத்தனை! 'பெண்கள் பக்கம் அந்தப் பிள்ளையே எடுக்கட்டும். ஆண்கள் பக்கம் அதன் காக்கா எடுக்கட்டும்' என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்போது அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் அமர்ந்து பட்டியல் போடுகிறார்கள். அவனுக்கு இரண்டு கார்டு போடும் காமிரா ஒரு நாள் வாடகைக்கு. அவளுக்கு எஃப் 1.8 லென்ஸ் ஒன்று, மேலும் இரண்டு பேட்டரி, ஃப்ளாஷுக்கான அந்த அடாப்டர். ஒரே கார்டு பற்றிய என் அச்சத்துக்கும் அவளே வழி சொன்னாள்: அரைமணிக்கு ஒருமுறை கார்டை மாற்றி, எடுத்ததை அங்கேயே மடிக்கணினியில் ஏற்றிவிடுவது. அந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டுமாம். பெண்கள் பகுதி வாயிலில் நாற்காலி போட்டு அமர, மடிக்கணினியோடு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.