தரங்கம்பாடியில் ராஜநாயக்கனைத் தேடுங்கள்

திண்டுக்கல் பக்கமிருந்து கல்லூரிச் சுற்றுலா போகும் மாணவர்களுக்குத் தரங்கம்பாடி என்றால் 1620இல் டென்மார்க்காரர்கள் எழுப்பிய கோட்டை, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். பழைய கலெக்டர் பங்களா இன்று கடலைப் பார்த்த சொகுசு விடுதி. சுற்றுலா வரலாறு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது.

ராஜநாயக்கன் அதில் வருவதில்லை. பறையர் சமூகத்தவர், தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரர். தரங்கம்பாடியில் அச்சான வேதநூலைப் படித்து அந்தச் சபையில் சேர்ந்தவர். 1720களின் இறுதியிலிருந்து தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். 1741இல் சபைக்கு இன்னொரு தமிழ்ப் போதகர் தேவைப்பட்டபோது அவர் பெயரும் பேசப்பட்டது. பறையர் கையால் நற்கருணை வாங்குவதா என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். வாள் பிடிக்கலாமாம், அப்பம் கொடுக்கக் கூடாதாம்! மிஷனரிகளும் இணங்கிப்போய் தியோகு என்பவரைப் போதகராக்கினார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். ஆலயத்துக்குள் உட்காரும் இடமும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தது.

2004 சுனாமிக்குப் பிறகும் நாகைக் கடற்கரையில் மீன் சுமந்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்த தலித் குடும்பங்கள் பல, ‘மீனவர் இல்லை’ என்று நிவாரணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன.

கோட்டையைப் பராமரிக்கும் தொல்லியல் துறை, ராஜநாயக்கன் கதையையும் அங்கே எழுதி வைக்க வேண்டும். ஆய்வுத் தலைப்பு தேடும் நம் முதுகலைத் தமிழ் மாணவர்கள் இவரை எடுக்கலாம். அடுத்த சுற்றுலாவில், வழிகாட்டியிடம் அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.