சாயத்தின் சாட்சியம்

'அறிவியல் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. இலக்கியம்தான் வண்ணம் பூசுகிறது' என்று நம் நண்பர்கள் சிலர் மேடைதோறும் சொல்லிவருகிறார்கள். ஆய்வகத்தில் எலித் திசு கண்ணாடித் தகட்டில் ஏறும் விதத்தை ஒருமுறை பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டார்கள்.

சுண்டெலியின் ஈரல் துண்டு முதலில் ஃபார்மலினில் விறைக்கிறது. ஆல்கஹாலில் நீரிழந்து, சைலீனில் ஊறி, மெழுகில் புதைகிறது. இதற்குள் சற்றுச் சுருங்கியும் விடுகிறது. பிறகு 5 மைக்ரான் தடிமனில் சீவப்படுகிறது. அப்போதும் அது ஏறக்குறைய நிறமற்றதே. மெக்சிகோவில் விளையும் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து வரும் ஹெமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கி, இயோசின் சுற்றியுள்ளவற்றை இளஞ்சிவப்பாக்கிய பிறகே காட்சி பிறக்கிறது.

காட்சி பிறந்தால் உண்மை தானாக வந்துவிடுமா? நரம்புச் செல்களை வெள்ளி உப்பால் கருமையாக்கும் முறையை 1873இல் கொல்ஜி வெளியிட்டார். அதே முறையைச் செம்மைப்படுத்திய காஹால் தனித்தனிச் செல்களைக் கண்டார். கொல்ஜியோ ஒரே வலைப்பின்னலைக் கண்டார். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் கொல்ஜி தன் கருத்தை விடவில்லை.

இதனால் அறிவியல் கற்பனை என்றாகிவிடாது. சாயம் எதைப் பற்றும், எதை விட்டுவிடும் என்பதையும் கணக்கில் கொள்வதே அதன் நேர்மை. காலம் தாழ்த்தி ஃபார்மலினில் இட்ட திசு தானே சிதைந்து, நோய்போலத் தோற்றம் காட்டக்கூடும். அதை நோயென்று எழுதிவிட்டால் அந்த எலி வீணாகச் செத்தது. பூசியதை ஒப்புக்கொள்ளும் இந்த ஒழுக்கத்தையல்லவா நாம் கற்க வேண்டும்?