கடிகாரம் சொன்னதும் நெஞ்சு சொன்னதும்

தில்லித் தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்தான். முருங்கைக்காய், சேனை, வாழை இலை, தேங்காய், மீன் என்று நம் ஊர்ச் சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். கூடவே நாலு தமிழ் முகங்களும் கிடைக்கும். மூன்று வருடங்களாக நான் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து சைக்கிளில்தான் அங்கே போய் வருகிறேன்.

சென்ற மாதம் வாழை இலைக் கடை முன்னால் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஜண்டேவாலான் போய் சைக்கிளும் வாங்கியாகிவிட்டது. வயர் இல்லாத சைக்கிள் மீட்டரும், இதயத்துடிப்பு காட்டுகிற கருவியும் அனுப்புகிறேன் என்று பெங்களூரிலிருந்து பையன் சொல்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்?" என்றார். காய்கறிப் பையோடு நின்றுகொண்டு பதில் சொல்லி முடியவில்லை. இதே கேள்வி நம்மில் இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டிய நாம் முதலில் வாங்க வேண்டியது மார்பில் கட்டும் துடிப்புப் பட்டை. வேகமும் தூரமும் காட்டும் மீட்டர் அதற்குப் பிறகுதான். இரண்டையும் வாங்கிய பிறகும், கருவி ஒன்று சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால் உடம்பு சொல்வதைத்தான் நம்ப வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன குளிர்காலம் வரை இன்னொரு நண்பர் என்னோடு மார்க்கெட்டுக்கு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வயது 54. துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை மலிவாக வாங்கியிருந்தார். ஜனவரியில் ஒரு நாள், மேம்பாலம் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. இடது தோளில் ஏதோ கனமாக இருக்கிறது என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். 92 என்று காட்டியது. "நார்மலாகத்தான் இருக்கிறது சார்" என்று மேலே மிதித்தார். எட்டிப் பார்த்த நானும் "சரி, வாருங்கள்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் போய்விடுகிறது. மார்க்கெட் வாசலில் வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே இருந்தது அவர் செய்த புண்ணியம். இதய ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

54 வயதில் மாரடைப்பா என்று கேட்கலாம். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆபீஸ் நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்துவிட்டு, ரிட்டயராகும் சமயத்தில் திடீரென்று சைக்கிள் ஏறுகிற நாம் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

சரி, கடிகாரம் ஏன் 92 என்று சொன்னது? அது தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதால் ஒளியில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. தில்லிக் குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்துவிடுகிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கையோ, குண்டும் குழியுமான சாலையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. கணக்கு தவறுவதில் ஆச்சரியம் இல்லை.

மார்புப் பட்டை இதயத்தின் மின் அசைவையே நேராகப் பிடிக்கிறது. பின்லாந்தில் கெம்பெலே என்ற ஊரில் 1977-இல் தொடங்கிய போலார் கம்பெனி, வயர் இல்லாத இந்த முறையை 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் விளையாட்டு வீரர்கள் நம்புவது இதைத்தான். வாங்கும்போது புளூடூத், ஆன்ட் பிளஸ் இரண்டிலும் இயங்குகிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் பட்டை ஒரு கம்பெனி, மீட்டர் இன்னொரு கம்பெனி என்றாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். கட்டிக்கொள்ளும் முன் பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். நம் ஊரில் வியர்வையே அதை நனைத்துவிடும். தில்லியின் வறண்ட குளிரில் வியர்க்க நேரமாகும். அதுவரை நைலான் சட்டை உரசிக்கூட 200-க்கு மேல் காட்டிப் பயமுறுத்தும்.

அடுத்தது சைக்கிள் மீட்டர். ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், முன் ஃபோர்க்கில் ஒரு சென்சார். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு சுற்றின் நீளத்தை நாம்தான் சொல்லித்தர வேண்டும். டயரில் காற்றடிக்கும் வால்வு கீழே வரும்படி நிறுத்தி, தரையில் ஒரு கோடு போடுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று உருட்டி, மறுபடி ஒரு கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். 2050 மில்லிமீட்டர் இருக்கும் சக்கரத்துக்கு 2096 என்று வைத்துவிட்டால், 100 கிலோமீட்டர் போனதை 102 என்று காட்டும். காய்கறிக்காரர் எடை போடுவதற்கு முன் தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான். செயற்கைக்கோள் உதவியோடு இயங்கும் மீட்டருக்குக் காந்தம் வேண்டாம். ஆனால் அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். மார்க்கெட் போய் வருகிறவர்களுக்குக் காந்த மீட்டரே தாராளம்.

இனி, எத்தனை துடிப்பு வரை போகலாம்? 220-இலிருந்து வயதைக் கழி என்பார்கள். எனக்கு 57, ஆகவே உச்சம் 163. 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அதன்படி 168. இரண்டும் சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். மெட்டோப்ரலால், அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்களுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தா. அந்த எண்ணை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே கருவிக்கு முன்னால் ஒரு பரிசோதனை; அதற்குப் பிறகு கருவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நண்பர் அன்று நல்ல பட்டையே கட்டியிருந்தாலும், அது துடிப்பைச் சரியாக எண்ணியிருக்குமே தவிர அடைப்பைக் காட்டியிருக்காது. தராசு வெண்டைக்காயின் எடையைச் சொல்லும். முற்றலா இளசா என்பதை நுனியை ஒடித்துப் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுபோல உடம்பையும் கேட்டுக்கொண்டே மிதிக்க வேண்டும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பேச்சே வரவில்லை என்றால் அதிகம். நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ கனம் தெரிந்தால், மீட்டரைப் பார்க்காமல் இறங்கி உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கூட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "சரி, வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு கருவி அனுப்புகிறார்கள். வாங்கிக்கொள்வோம். ஆனால் அவர்கள் பக்கத்தில் இல்லாத குறையைக் கருவி தீர்க்காது. இங்கே ஒருவருக்கொருவர் நாம்தான் துணை. தனியாகப் போகாமல் இருவர் மூவராகச் சேர்ந்து மிதிப்போம்.

நண்பர் இப்போது மருத்துவர் அனுமதியோடு மெதுவாக மார்க்கெட்டுக்கு நடந்து வருகிறார். வரும் ஞாயிறு வாழை இலைக் கடை முன்னால் இருவரும் இருப்போம். வாருங்கள், பேசலாம்.