பத்துக்கு நாலு போட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல இப்போதே லைக் போட்டுவிட்டுப் போகலாம்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஃபீனிக்ஸ் என்கிற பிரெஞ்சு ராக் பேண்டின் 'பேங்க்ரப்ட்!' ஆல்பத்தைப் பகிர்ந்தான். 2013-இல் வந்த ஆல்பம். அரை மணி நேரத்துக்குள் தீர்ப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. "பத்துக்கு நாலு." "முந்தின ஆல்பம் மாதிரி வரல." "ஒரே கீபோர்டு இரைச்சல்." "பிரெஞ்சுக்காரன் எதுக்கு இங்கிலீஷ்ல பாடுறான், ஒண்ணும் புரியல." அந்த ஆல்பம் ஓடும் நேரம் சுமார் 40 நிமிடம். அரை மணியில் அதை எப்படிக் கேட்டு முடித்தீர்கள்? உங்களுக்குக் காலம், வேலை, தூரம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

"டீச்சர், நீங்க இதெல்லாம் கேப்பீங்களா?" என்று ஒருத்தி சிரிக்கும் பொம்மை போட்டிருந்தாள். கேட்டேன் அம்மா. தம்பி மகன் வாங்கிக்கொடுத்த ஹெட்போன் சும்மாதானே கிடக்கிறது. 'பேங்க்ரப்ட்!' மூன்று முறை, அதற்கு முந்தைய ஆல்பம் இரண்டு முறை கேட்டேன். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பாரிஸுக்குப் பக்கத்தில் அரண்மனை இருக்கும் வெர்சாய் ஊரைச் சேர்ந்தவர்கள் இவர்கள். பாடுபவர் தாமஸ் மார்ஸ். பேஸ் கிடாரும் கீபோர்டும் டெக் டார்சி. கிடார் வாசிக்கும் லோரான் பிரான்கோவிட்ஸும் கிறிஸ்டியன் மஸலாயும் அண்ணன் தம்பிகள். முதல் ஆல்பம் 2000-இல் வந்தது. இன்றுவரை அதே நான்கு பேர். நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்தாலே இத்தனை வருஷம் தாங்காது.

2009-இல் 'வுல்ஃப்கேங் அமேடியஸ் ஃபீனிக்ஸ்' வந்தது. மொசார்ட்டின் பெயரோடு தங்கள் பெயரை ஒட்டிக்கொண்ட குறும்புதான் தலைப்பு. '1901' என்ற பாட்டை ஆல்பம் வருமுன்பே இலவசமாகக் கொடுத்தார்கள். அது அமெரிக்காவில் கார் விளம்பரம் வரை போனது. 'லிஸ்டோமேனியா'வும் அதே ஆல்பம்தான். 2010-இல் கிராமி விருது கிடைத்தது. பாட்டெல்லாம் துள்ளல், முதல் தடவை கேட்கும்போதே மனசில் ஒட்டிக்கொள்ளும். நல்ல ஆல்பம், சந்தேகமே இல்லை.

அடுத்த நான்கு வருஷம் கழித்து 'பேங்க்ரப்ட்!' வந்ததும், கேட்ட பலரும் சொன்னது நீங்கள் சொன்னதேதான்: முந்தினது மாதிரி இல்லை. நான் கேட்பது ஒன்றே. அது முந்தினது மாதிரி இருக்கப் பார்த்து முடியாமல் போன ஆல்பமா? அப்படியென்றால் நாலு மார்க்கும் அதிகம். ஆனால் பெயர்களைப் பாருங்கள். ஆல்பத்தின் பெயர் திவால். பாட்டுகளின் பெயர் கேளிக்கை, பூர்ஷ்வா, மிடுக்காகக் காட்டிக்கொள்ளப் பார்ப்பது. ஒரு பாட்டுக்கு 'டிரக்கார் நுவார்' என்ற வாசனைத் திரவியத்தின் பெயர். எல்லாம் கிடைத்தவுடன் வந்த அலுப்பைப் பாட வந்தவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கேற்ப ஓசையும் நகைக்கடைக் கண்ணாடிபோலப் பளபளவென்று, அடுக்கடுக்காக இருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பதிவான பழைய மிக்ஸிங் கன்சோலை இணையத்தில் தேடி வாங்கி, அதைக் கொண்டு இந்த ஆல்பத்துக்கு வேலை செய்தார்கள். உங்களுக்கு இரைச்சலாகக் கேட்டதை வருஷக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தெரியாமல் நேர்ந்துவிட்ட பிசகு மாதிரி பேசாதீர்கள்.

ஐந்தாவதாக வருகிற 'பேங்க்ரப்ட்!' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் குரலே கிடையாது. கருவிகள் மட்டும் மெதுவாக ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. நீங்கள் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பீர்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் பிள்ளையைப் பேச வைக்க எத்தனை நாள் ஆகும் என்று ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறை இல்லை என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. 'டோன்ட்' பாட்டு இல்லாமலே இருந்திருக்கலாம். 'எஸ்.ஓ.எஸ். இன் பெல் ஏர்' என்னை மூச்சு வாங்க வைத்துவிட்டது. சில இடங்களில் தாமஸ் மார்ஸின் குரல் கருவிகளுக்கு அடியில் போய்விடுகிறது. இதையெல்லாம் நீங்கள் சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருப்பேன். நீங்கள் ஒரு பாட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லையே. எண் மட்டும் போட்டீர்கள். எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று காட்டாமல் விடைத்தாளின் மேலே மொத்த மார்க்கை மட்டும் எழுதினால் தலைமை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று. குழுவில் பாதிப் பேர் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டவர்கள். அந்தச் சின்ன ஓட்டையில் தாழ்ந்த ஸ்தாயி வருவதே இல்லை. டெக் டார்சி வாசித்ததில் பாதி உங்கள் காதுக்கு எட்டவே இல்லை. எட்டாததற்கும் சேர்த்து மார்க் போட்டீர்கள்!

"முந்தினது மாதிரி இல்லை" என்ற சொல் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்று சொல்கிறேன். வகுப்புக்கு ஒரு பையன் புதிதாக வருவான். வருகைப் பதிவேட்டில் அப்பா பெயரைப் பார்த்ததும், "நீ அவளோட தம்பியா? அக்கா எவ்வளவு நல்லாப் படிச்சா!" என்பார் ஒரு ஆசிரியர். ஆசிரியர் ஓய்வறையில் இது தினசரிப் பேச்சு. அந்தப் பிள்ளை மரம், மாடு, ஆள் என்று எதையும் தத்ரூபமாக வரைவான். ஆனால் அவனிடம் எல்லாரும் தேடுவது அக்காவின் கணக்கு மார்க்கைத்தான். தீபாவளிக்குக் கூடும் நம் சொந்தங்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை, பெயர் சொல்லவில்லை. இந்த ஃபீனிக்ஸ் பேண்டுக்கும் இதே கதிதான். 2017-இல் 'டி ஆமோ' போட்டார்கள். 2022-இல் பாரிஸ் லூவ்ர் வளாகத்திலேயே இருக்கும் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து உருவாக்கிய 'ஆல்ஃபா ஸுலு'வைப் போட்டார்கள். 13 வருஷம் கழித்தும் "லிஸ்டோமேனியா மாதிரி வருமா" என்றுதான் கேட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் அவர்களை மேடையேற்றியது அவர்கள் நாடு. ரசிகர்கள்தான் இன்னும் 2009-ஐ விட்டு இறங்கவில்லை.

அடுத்து, ஆங்கிலத்தில் ஏன் பாடுகிறார்கள் என்ற கேள்வி. பிரான்ஸில் 1994-இல் சட்டம் போட்டு, 1996 முதல் வானொலிகள் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாடல்களில் 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாடலாக இருக்க வேண்டும் என்றார்கள். தாய்மொழி காக்கும் சட்டம், நான் கைதட்டுவேன். ஆனால் அந்த நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடினால் அந்த ஒதுக்கீட்டில் இடமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுலபமான வழி எது என்று தெரிந்தே மற்ற வழியில் போனவர்கள் இவர்கள். வரிகள் புரியவில்லை என்கிறீர்கள். எனக்கும் முழுதாகப் புரியவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் 'ஆராதனா' படத்தின் இந்திப் பாட்டை அர்த்தம் தெரியாமலே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தவர்கள். தெலுங்குக் கீர்த்தனை கேட்டு மார்கழி முழுக்கக் கண்ணை மூடித் தலையாட்டுகிறோம். அங்கெல்லாம் வராத அர்த்தப் பிரச்சினை வெர்சாய் பையன்களிடம் மட்டும் ஏன் வருகிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் ஒருவன் கெட்டிக்காரத்தனமாக ஒரு வாதம் வைத்தான். பிரான்கோவிட்ஸ் இந்த பேண்டுக்கு வருமுன் 'டார்லின்' என்ற பேண்டில் இருந்தார். பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' இதழ் 1993-இல் அவர்கள் பாட்டை அசட்டு பங்க் இரைச்சல் என்ற பொருளில் கிழித்துவிட்டது. பேண்ட் கலைந்தது. கூட இருந்த இருவர் அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டு டாஃப்ட் பங்க் ஆனார்கள், உலகம் முழுதும் புகழ் பெற்றார்கள். "பாத்தீங்களா டீச்சர், திட்டினாத்தான் முன்னுக்கு வருவாங்க" என்றான்.

கதை உண்மைதான். அவன் அதிலிருந்து எடுத்த முடிவுதான் கோணல். கிணற்றில் தள்ளிவிட்டதால்தான் நீச்சல் கற்றான் என்று கரையேறியவனைக் காட்டிச் சொல்லலாம். ஏறாதவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்? அந்த மூவரும் இளைஞர்கள், ஒருவருக்கொருவர் துணை இருந்தது, விட்டுவிட்டு வேறு ஒன்றைத் தொடங்கத் தெம்பு இருந்தது. அதே இதழில் அதே மாதிரி ஒரு வரியில் கிழிக்கப்பட்டு, கிடாரைப் பரணில் போட்டவர்களின் பெயர் நமக்கு எப்படித் தெரியும்?

தெரியும், ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு இதே குழுவில் உங்களில் ஒருத்தி தானே மெட்டுப்போட்டுப் பாடிய பாட்டைப் பகிர்ந்தாள். மூன்று நிமிடப் பாட்டு. ஐந்தாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டை எப்போதும் அரை சுருதி ஏற்றிப் பாடுவாளே, அவள்தான். நீங்கள் என்ன எழுதினீர்கள்? "ஓகே." "நல்ல முயற்சி." "பத்துக்கு அஞ்சு." ஒருவன் பெரிய பின்னணிப் பாடகி ஒருவர் பெயரைச் சொல்லி, அவங்க அளவுக்கு இல்ல என்றான். மறுநாள் காலை அந்தப் பதிவு குழுவில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதன் இரண்டாவது சரணத்தில் அவள் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவாள், அந்த இடத்துக்காகவே நான் நான்கு தடவை கேட்டேன். அவளுக்குத் தனியாகவும் எழுதினேன், "பரவால்ல டீச்சர், சும்மாத்தான் போட்டேன்" என்றாள். சும்மா யாராவது மெட்டுப் போடுவார்களா?

ஃபீனிக்ஸுக்கு உங்கள் நாலு மார்க்கால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர்களிடம் கிராமி இருக்கிறது. அவளிடம் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஆகவே, அம்மா, நீ அந்தப் பாட்டைத் திரும்பப் போடு. இந்த முறை முதல் கமெண்ட் என்னுடையது, அதில் எண் இருக்காது.

பத்துக்கு நாலு போட்ட தம்பி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். ஆறாவது பாட்டு 'டிரக்கார் நுவார்', ஏழாவது 'குளோரோஃபார்ம்'. ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டையும் சேர்த்துக் கேள். முதல் பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று திரையைப் பார்க்காமல் எனக்குச் சொல். அப்புறம் நாலு போட்டாலும் சரி, ரெண்டு போட்டாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது.