காலி வீதியும் கட்டட விதியும்

கல்லூரியின் பெருமை பேசும் இவ்விழா மலரிலே கட்டட விதிகளைப்பற்றி எழுதுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், நில அளவையாளர் உளர், வழக்கறிஞர் உளர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணியும் கடையும் உடையோர் பலர். ஆதலின் இது நம் வீட்டுப் பேச்சேயாம்.

நகரை வகுத்தமைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாய் விளங்கிற்று. இரண்டிற்கும் இடையே சோலையிலே நாளங்காடி கூடிற்று. கொழும்புக்கும் வகுத்தோர் இல்லாமலில்லை. 1921இல் பற்றிக் கெடிஸ் தோட்ட நகரமொன்றைக் கருதித் திட்டம் வரைந்தார். 1948இல் ஏபர்குரொம்பி வரைந்தார். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றிற்று. அதன் 1986ஆம் ஆண்டு விதிகளின் இடத்தை 2021ஆம் ஆண்டு விதிகள் பெற்றன.

விதிகள் காலந்தோறும் புதுக்கப்படுவது நன்றே. எதனை அளவையாகக் கொண்டு புதுக்குவது என்பதே வினா. காலி வீதி அகன்றது. கடலோரமாய் மரைன் டிரைவும் வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளோ, தனி வீடுகள் இருந்த நாளில் அமைந்தவை. 1983ஆம் ஆண்டு வன்செயலின் பின்னரும் போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கு, கிழக்கிலிருந்து வந்த நம்மவர் பலர் இங்கே குடியேறினர். ஒரு குடும்பம் வாழ்ந்த காணியில் தொடர்மாடி எழுந்தது. அதனை நாம் பழிக்கோம். வீடிழந்து வந்தோர்க்கு அம்மாடிகளே நிழலாயின.

குறை வேறிடத்தில் உள்ளது. விண்ணப்பம் காணி காணியாக வருகின்றது; அனுமதியும் காணி காணியாகவே வழங்கப்படுகின்றது. ஒரு கட்டடத்தின் உயரம் வீதியின் அகலத்தோடு ஒத்துப் பார்க்கப்படினும், அதே ஒழுங்கையிற் பத்துக் கட்டடங்கள் எழுந்தபின் வண்டிகள் எத்தனை, கழிவுநீர் எவ்வளவு, தீயணைப்பு வண்டி திரும்ப இடமுண்டா எனக் கூட்டிப் பார்ப்பார் யார்? கட்டடம் ஒவ்வொன்றும் விதிக்கு அமைந்திருக்க, ஒழுங்கை மட்டும் மூச்சுத் திணறுகின்றது.

ஆகவே ஒழுங்கையையே அலகாகக் கொள்ளல் வேண்டும். அதன் அகலமும் வடிகாலும் குடிநீர்க் குழாயும் தாங்கும் மொத்தக் கட்டடப் பரப்பை முன்னரே வரையறுத்தல் வேண்டும். காணியுடையோர்க்கு இது இழப்பன்றோ என்பர். அம்மொத்தத்தைக் காணிகளின் பரப்பிற்கேற்பப் பகிர்ந்து குறித்துவிடின், முந்தியவர் முழுதும் கொள்ளவும் பிந்தியவர் வெறுங்கையராய் நிற்கவும் நேராது. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கைகளுக்கும் இதுவே பொருந்தும்.

விதியை வகுத்தல் மட்டும் போதாது, மேற்பார்வையும் வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்கிற்கு அண்மையிற் பன்மாடிக் கட்டடமொன்று இடிந்து வீழ்ந்து உயிர்ச்சேதமும் நேர்ந்ததை யாரும் மறந்திரார்.

இனி வரும் திருத்தங்களின் வரைவு, தமிழிலும் தெளிவாய் எழுதப்பட்டு, வெள்ளவத்தையிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தாற் தமிழும் அரசகரும மொழியாயிற்று; விளங்காத மொழியில் வரும் வரைவுக்கு மறுப்புரைப்பது எங்ஙனம்? அந்நாளில் நம் பழைய மாணவர் வரைபடத்தை விரித்து அயலவர்க்கு விளக்கியுரைப்பாராயின், கல்வி தந்த கல்லூரிக்கு அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.